அறிவியல் மாணவர்களின் அயல்மொழிப் பாடம்

அறிவியலும் பொறியியலும் படிப்பவர்கள், பாடம் நடக்கும் மொழிக்கு அப்பால் இன்னொரு நாட்டு மொழியையும் கற்றாக வேண்டும் என்பது ஒரு பல்கலைக்கழக விதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதியியலும் இயற்பியலும் பெருமளவு ஜெர்மன் இதழ்களில் வெளிவந்ததால் அது தோன்றியது. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு முன் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஒரு பகுதியைப் படித்துப் பொருள் சொல்லும் தேர்வு நெடுங்காலம் இருந்தது. பேச வராவிட்டாலும் படிக்க வந்தால் போதும்.

விதி எழுதப்படுவதற்கு வெகு முன்பே அதன் தேவையைக் கண்ட ஊர் கொச்சி. 1663இல் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்த பிறகும் இங்கே போர்த்துக்கீசியம் விடைபெறவில்லை. மட்டாஞ்சேரி ஜூ டவுன் யூதர்களைக் காண 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரேரா டி பைவா எழுதிய அறிக்கையும் போர்த்துக்கீசியத்தில்தான் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் யூதர்களில் பலருக்கு அது வீட்டுமொழி. கொச்சியிலோ அது கடைத்தெருவின் பொதுமொழி.

அந்தப் பொதுமொழி வழியாகத்தான் மலையாள மருத்துவம் லத்தீனுக்குப் போனது. டச்சு ஆளுநர் ஹெண்ட்ரிக் வான் ரீடு தொகுத்த, மலபார் தாவரங்களைப் பற்றிய 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன் அவற்றின் மருத்துவப் பயனை மலையாளத்தில் சொன்னார். டச்சுக் கம்பெனியின் துபாஷி இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்த்துக்கீசியத்தில் ஆக்கினார். பிறகு அது லத்தீனானது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றுரை நாகரி எழுத்தில் அச்சாகியிருக்கிறது; இட்டி அச்சுதனுடையது கோலெழுத்து என்னும் பழைய மலையாள எழுத்தில். தொடக்கத் தொகுதிகளின் லத்தீன், கொச்சியில் இருந்த போதகர் யோஹன்னஸ் காசேரியஸின் கைவண்ணம். ஒருகாலத்தில் அவர் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் பாடம் கேட்டவர். எந்த ஒருவருக்கும் எல்லா மொழியும் தெரிய வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். பிற்காலப் பல்கலைக்கழகமோ அந்தச் சுமை முழுவதையும் ஒரே மாணவன் தலையில் வைத்தது.

இந்தியாவில் அந்தச் சுமையை விரும்பிச் சுமந்தவர்களும் உண்டு. மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாக்கி 1920இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டார்கள். நான்கே ஆண்டில் கணக்கு நேரானது: போஸ் ஆங்கிலத்தில் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் பெயர்த்து இதழில் வெளியிடச் செய்தார்.

பொறியியலில் அயல்மொழிப் பாடத்துக்கு நல்ல உதாரணம் சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு ஜெர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள், ஜெர்மன் இயந்திரங்கள் வந்தன, இங்குள்ள ஆசிரியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள். தொடக்ககால மாணவர்களின் பாடத்திட்டத்தில் ஜெர்மன் மொழி இருந்ததில் வியப்பில்லை. உதவி எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்நாட்டு மொழியும் கூடவே வந்தது. அறிவியல் காரணம் அதற்கு அடுத்ததுதான்.

விதி தளர்ந்ததற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். 1952இல் டெல்லியில் அமைந்த இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் அயல்மொழிக் கட்டுரைகளைக் கேட்பவருக்கு ஆங்கிலத்தில் தந்தது. 1955 முதல் சோவியத் இயற்பியல் இதழ்கள் அமெரிக்காவில் அட்டைமுதல் அட்டைவரை ஆங்கிலமாகின. ஆய்வாளர்களே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியபின், 1960, 70களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தேர்வை ஒவ்வொன்றாகக் கைவிட்டன.

தாவரவியல் மட்டும் அசையவில்லை. 1935 ஜனவரி முதல் 2011 இறுதிவரை, புதிய தாவரப் பெயர் செல்லுபடியாக லத்தீனில் விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ இருந்தாக வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய இனம் கண்டவர், ஸ்டெர்னின் 'பொட்டானிக்கல் லத்தீன்' நூலைப் புரட்டியோ, மொழியறிந்த ஒருவரைப் பிடித்தோ அந்தச் சில வரிகளை எழுதினார். சடங்குதான், ஆனால் பயனற்ற சடங்கு என்று சொல்லிவிட முடியாது. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' முழுவதையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பதிப்பை 2003இலும் மலையாளப் பதிப்பை 2008இலும் வெளியிட்டது. இட்டி அச்சுதன் சொன்னது அவர் சொன்ன மொழிக்குத் திரும்ப முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்று அயல்மொழி பெரும்பாலும் விருப்பப் பாடம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்கும் சேர்த்து ஒரு துறை இருக்கிறது. ஜெர்மன் வகுப்புகளில் சேரும் கேரள, தமிழக இளைஞர்கள் பலரின் நோக்கம் பழைய இதழைப் படிப்பதல்ல. ஜெர்மனியில் மேற்படிப்பும் வேலையும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையிலோ பொறியியல் முதலாண்டில் கட்டாயமானவை 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரண்டு தாள்கள்.