அப்போத்திக்கரியும் மருந்தாளரும்

சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளக் கரையோரத்திலே முதியோர் வாயில் இன்றும் வழங்கும் சொல் ஒன்று உண்டு. 'அப்போத்திக்கரி' என்பதே அச்சொல். காய்ச்சல் கண்டவனை அப்போத்திக்கரியிடம் கொண்டு போனார்கள். அவர் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பின்னர்த் தம் அலுமாரியைத் திறந்து, நோயாளி கொண்டு வந்த போத்தலிலே மருந்தை வார்த்துக் கொடுத்தார். ஊரார் அவரை 'டாக்டர் ஐயா' என்றே அழைத்தனர். ஆனால் ஒல்லாந்திலோ செருமனியிலோ இதே சொல்லால் சுட்டப்படுபவர் நோயாளிக்கு வைத்தியம் செய்பவர் அல்லர். வைத்தியர் எழுதிய சீட்டை வாங்கி, அதற்குரிய மருந்தைக் கொடுப்பவர் மட்டுமே. ஒரே சொல் இடத்துக்கு இடம் இவ்வாறு பொருள் மாறியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால், மருந்து கொடுப்பவர் என்ன கற்றிருக்க வேண்டும், அவருக்கு உரிமை வழங்குவது யார் என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விடை கூறுவதன் காரணமும் விளங்கும்.

மேனாட்டு மருத்துவம் வருவதற்கு முன்னர் இக்கரையில் இருந்தவர்கள் பரியாரிமாரும் ஹக்கீம்மாருமே. உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் நோயை அறிந்தவரே மருந்தையும் அறிந்தவராக இருந்தார். வேரைப் பிடுங்கியதும், இடித்ததும், குடிநீர் காய்ச்சியதும், பத்தியம் சொன்னதும் ஒருவரே. அவர் கல்வி தந்தையிடமோ குருவிடமோ பெற்றது. அவருக்கு உரிமைப் பத்திரம் ஊராரின் நம்பிக்கையன்றி வேறில்லை. மருந்துச் சரக்குகளுக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1344ஆம் ஆண்டில் வந்திறங்கிய இப்னு பதூதா, 'பத்தாலா' என்று தாம் குறிப்பிடும் பட்டினத்தின் கரை முழுவதும் வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாக எழுதியுள்ளார். அப்பட்டினம் புத்தளமே என்பர் அறிஞர். மேலை நாட்டு மருந்துக் கடைகளிலே பொன்போல் மதிக்கப்பட்ட சரக்கு இங்கிருந்து சென்றது. அம்மருந்துக் கடைகளை ஆண்ட சட்டமோ சில நூற்றாண்டுகள் கழித்தே இக்கரையை அடைந்தது.

அச்சட்டத்தின் தோற்றம் 13ஆம் நூற்றாண்டில் ஆகும். சிசிலியையும் தென் இத்தாலியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக், 1231ஆம் ஆண்டில் தொகுத்த சட்டத்தோடு பின்னர்ச் சில விதிகளையும் சேர்த்தார். வைத்தியர் மருந்துக் கடை நடத்தலாகாது. மருந்துக் கடைக்காரரோடு பங்கு சேரலாகாது. மருந்து செய்வோர் விதிப்படி செய்வதாகச் சத்தியம் செய்தல் வேண்டும். மருந்தின் விலைக்கும் வரம்பு உண்டு என்பன அவற்றின் சாரம். மருந்து விற்று இலாபம் பெறுபவரே நோயாளிக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதையும் தீர்மானித்தால் நோயாளியின் நன்மை பின்தள்ளப்படும் என்பதே இப்பிரிவினையின் அடிப்படை. எழுதுபவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர். ஒருவர் தவறினால் மற்றவர் கண்டு தடுக்கலாம். ஐரோப்பாவின் பெரும்பகுதி இக்கொள்கையையே பின்பற்றியது. ஆம்ஸ்ரர்டாம் நகரம் 1636ஆம் ஆண்டில், தன் மருந்துக் கடைகள் எல்லாம் ஒரே முறையில் மருந்து செய்தல் வேண்டும் என்பதற்காக மருந்து நூல் ஒன்றை வெளியிட்டது.

அந்நூல் வெளிவந்து முப்பதாண்டு கழிந்தபின், 1667ஆம் ஆண்டில், அதே ஒல்லாந்தர் கற்பிட்டியிலே கோட்டை கட்டத் தொடங்கினர். புத்தளக் கடனீரேரியின் வாயிலைக் காத்து நின்ற அக்கோட்டை இன்றும் நிற்கின்றது. அவர்களுடைய மொழியில் 'அப்போத்தேக்கர்' என்பவர் மருந்து செய்து விற்பவரே. எனவே இக்கரையை ஆண்ட ஒல்லாந்தரின் வாயில் அச்சொல் இருந்தபோது அதன் பொருள் மருந்தாளர் என்பதாகவே இருந்தது. பொருள் மாறியது ஆங்கிலேயரால்.

இங்கிலாந்திலே நிகழ்ந்தது வேறு கதை. இலண்டன் அப்போத்திக்கரிச் சங்கம் 1617ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. வைத்தியர் தொகை சிறிது. அவர்கள் வாங்கிய கட்டணமோ பெரிது. ஏழைகளும் நடுத்தர மக்களும் மருந்துக் கடைக்காரரிடமே நோயைச் சொல்லி மருந்து கேட்டனர். வைத்தியர் கழகம் இதனை எதிர்த்து வழக்காடிற்று. 1704ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அப்போத்திக்கரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1815ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் விதித்து, அவர்களை ஊர் வைத்தியர் நிலைக்கு உயர்த்தியது. அவர்கள் விட்டுச் சென்ற இடத்திலே மருந்துச் சரக்கு வணிகர் வந்து அமர்ந்தனர். இவ்வணிகருக்கு நெடுங்காலம் எத்தேர்வும் இல்லை.

தேர்வின்மையால் நேர்ந்த கேடு ஒன்றை வரலாறு மறக்கவில்லை. 1858ஆம் ஆண்டில் பிராட்போர்ட் நகரத்து இனிப்புச் செய்பவர் ஒருவர், சீனியோடு கலக்கும் மலிவான வெள்ளைத் தூள் வாங்கி வர ஆளனுப்பினார். மருந்து வணிகர் நோயுற்றுக் கிடந்தார். கடைப்பையன் தவறான பீப்பாயைத் திறந்து, வெள்ளைப் பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்தான். அவ்வினிப்பைத் தின்று ஏறக்குறைய இருபது பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். பத்தாண்டுக்குப்பின், 1868ஆம் ஆண்டில், நஞ்சு வகைகளை விற்கும் உரிமை தேர்வில் தேறிப் பதிவு பெற்றவருக்கே உரியது எனப் பிரித்தானியச் சட்டம் விதித்தது. 1841ஆம் ஆண்டில் தோன்றிய மருந்தாளர் சங்கமே தேர்வையும் பதிவையும் நடத்தியது.

கற்பிட்டிக் கோட்டை 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் கொண்டு வந்த அப்போத்திக்கரி, தம் நாட்டிலே ஏறத்தாழ வைத்தியராகி விட்டவர். அண்டையிலிருந்த சென்னை மாகாணப் படையிலும் வைத்தியருக்கு அடுத்த நிலைப் பணியாளர் அப்போத்திக்கரி என்றே அழைக்கப்பட்டனர்; அத்தகையோரைப் பயிற்றுவதற்காகவே 1835ஆம் ஆண்டில் சென்னை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. இலங்கையில் 1870ஆம் ஆண்டிலே கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆயினும் முழுப் பயிற்சி பெற்ற வைத்தியர் நகரங்களுக்கே போதவில்லை. சிற்றூர் டிஸ்பென்சரிகளுக்கு அனுப்பப்பட்டவர், குறுகிய காலப் பயிற்சி பெற்ற அப்போத்திக்கரியே. நோயை அறிவதும் மருந்தைக் கொடுப்பதும் ஒருவர் கையிலேயே இருந்தன. இவ்வகையில், புதிய அப்போத்திக்கரி பழைய பரியாரியின் இடத்தையே நிரப்பினார் எனலாம். அதனாற்போலும் இக்கரை மக்கள் அவரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர்.

இவ்வேற்பாட்டின் பெருமையும் குறையும் ஒருங்கே வெளிப்பட்ட காலம் 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் காலம். பருவமழை பொய்த்தது. சிலாபத்தருகே கடலோடு கலக்கும் தெதுரு ஓயா, மணலிடையே குட்டை குட்டையாகத் தேங்கியது. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. புத்தளத்தின் வறண்ட வடபகுதிக்கு மலேரியா ஆண்டுதோறும் வரும் பழைய பகை. ஆற்றோரத்து ஈரநிலத்து மக்களுக்கோ அது புதிது. தெதுரு ஓயா, மகா ஓயாப் படுகைகளிலே நோய் காட்டுத்தீயெனப் பரவியது. நாடெங்கும் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கொயினாவே அன்றைய ஒரே பெரிய மருந்து. கொயினா குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் காது இரையும், கண் பார்வையும் கெடும். குழந்தைக்கு ஓர் அளவு, தாய்க்கு ஓர் அளவு. அதனை அளந்து கொடுக்கும் பொறுப்பு வைத்தியரோடு நில்லாது அப்போத்திக்கரியையும், அவருக்குத் துணை நின்றோரையும், தொண்டர்களையும் சார்ந்தது. அவர்கள் இல்லையேல் இறந்தோர் தொகை இன்னும் பெருகியிருக்கும். மருந்தை அளக்கும் கைக்குக் கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதையும் அக்காலமே உணர்த்திற்று.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் ஒரு முடிச்சை அவிழ்த்திருந்தது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம், அப்போத்திக்கரிக்கு ஒரு பதிவேட்டையும் மருந்தாளருக்கு வேறொரு பதிவேட்டையும் வகுத்தது. இரு பணிகளும் வேறு வேறு என்பது இலங்கைச் சட்டத்திலே இவ்வாறு பதிவாயிற்று. அப்போத்திக்கரி பின்னாளில் உதவி வைத்தியர் என்றும், பதிவுபெற்ற வைத்திய அதிகாரி என்றும் பெயர் மாறினார். மருந்தாளரின் வழியோ தனியே வளர்ந்தது. அரசாங்கப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெறுவோர் ஒரு சாரார். பதிவுபெற்ற மருந்தாளரிடம் தொழில் பழகி, மருத்துவ சபையின் தேர்விலே தேறுவோர் மற்றொரு சாரார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் காலத்தால் பிந்தியது. இன்று யாழ்ப்பாணம், பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் அதனை வழங்குகின்றன. எவ்வழியில் வந்தவரும் இலங்கை மருத்துவ சபையிலே பதிவு பெற்றால்தான் மருந்தாளர் ஆவார்.

பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தபின் மருந்தாளரின் பொறுப்பு மேலும் உயர்ந்தது. கம்பெனிகள் சூட்டிய பெயரைக் கொண்டு மருந்தை விற்பதற்குப் பெட்டியைப் பார்க்கும் கண் போதும். மருந்தின் பொதுப் பெயரைக் கொண்டு கொடுப்பதற்கோ, மருந்தையே அறிந்த அறிவு வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, இன்று மருந்துக் கடைகளுக்கு உரிமம் வழங்குகின்றது. பதிவுபெற்ற மருந்தாளரின் நேர் மேற்பார்வையிலேயே கடை நடைபெறல் வேண்டும் என்பது விதி.

பாக்கு நீரிணைக்கு அப்பால் வழி வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1860ஆம் ஆண்டளவில் மருந்து வணிகருக்கான பயிற்சி தொடங்கியது எனினும், இந்தியா முழுமைக்கும் நெடுங்காலம் பொதுவிதி இல்லை. கம்பவுண்டர்மாரே மருந்து கலந்து கொடுத்தனர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே மகாதேவ லால் ஷிராப் 1932ஆம் ஆண்டில் மருந்தியல் கல்வியைத் தொடங்கி வைத்தார். 1948ஆம் ஆண்டு மருந்தாளர் சட்டம் நாட்டுக்கு ஒரே விதியைத் தந்தது. அங்கு இரண்டாண்டு டிப்ளோமா பெற்றவரும் மாநில மருந்தாளர் சபையிலே பதிவு பெறலாம். நான்காண்டுப் பட்டமும், 2008ஆம் ஆண்டு முதல் ஆறாண்டு மேற்பட்டமும் உண்டு. பிரித்தானியாவிலோ நான்காண்டுப் பட்டம், ஓராண்டுப் பயிற்சி, அதன்மேல் பதிவுத் தேர்வு. செருமனியில் நான்காண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் மூன்று அரச தேர்வுகளும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஆறாண்டுக் கல்வி. உரிமமோ ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குவது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005ஆம் ஆண்டில், மருந்தாளர் கல்வி ஐந்தாண்டுக்குக் குறையலாகாது என்னும் பொது வரம்பை ஏற்று, ஒன்றின் பட்டத்தை மற்றொன்று மதிக்க இணங்கின.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. புத்தளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் பலர். சான்றிதழோடு செல்லும் மருந்தாளருக்கு அங்கே முதலில் ஆவணச் சோதனை, பின்னர்த் தேர்வு, அதன்பின்னரே உரிமம். சவூதி அரேபியா போன்ற நாடுகளில் பட்டம் பெற்றவரே மருந்தாளர். டிப்ளோமா பெற்றவர் மருந்தாளருக்கு உதவியாளர். ஊரிலே தனித்துக் கடையை நடத்தியவர், அங்கே பிறர் மேற்பார்வையில் நிற்க நேரும். அவரது அறிவு கடலைக் கடந்ததும் குறைந்து விடவில்லை. ஆயினும் ஒவ்வொரு நாடும் தன் மக்களுக்குத் தானே பொறுப்பாளி. பிறர் கொடுத்த சொல்லை அப்படியே ஏற்க அது தயங்குகின்றது. மகனையோ மகளையோ இத்தொழிலுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர், எந்நாட்டில் எச்சான்றுக்கு எம்மதிப்பு என்பதனை முன்கூட்டியே அறிதல் நன்று.

அங்ஙனமாயின், ஆறாண்டு கேட்கும் நாடு அறிவுடையது, இரண்டாண்டு கேட்கும் நாடு அறிவற்றது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. வைத்தியர் பலர் உள்ள நாடு பணிகளைப் பிரித்துக் கடுமையான விதி செய்யலாம். வைத்தியரே இல்லாத கரையில் அவ்விதி, மக்களை மருந்தின்றி மாள விட்டிருக்கும். அன்று அப்போத்திக்கரி செய்த தொண்டு அக்காலத்தின் தேவைக்கு ஏற்றது. இன்று தேவை மாறியுள்ளது. ஒரே நோயாளி நான்கு ஐந்து மருந்துகளை ஒருங்கே உண்ணும் காலம் இது. ஒன்று மற்றொன்றோடு பகைப்பதை அறிந்து தடுப்பவர் இல்லாத கடை, எவ்வளவு அலங்காரமாக இருப்பினும், பிராட்போர்ட் நகரத்துக் கடையேயாம். சுவரிலே சான்றிதழ் தொங்க, சான்றிதழுக்கு உரியவர் வேறோரிடத்தில் இருப்பாராயின், அக்கடையின் நிலையும் அதுவே.

உரிமப் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பது மருந்தாளரின் பெயர். ஆனால் அது அவருக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. வலையை இழுத்துவிட்டு வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு நிற்கும் மீனவத் தாய்க்கு அச்சீட்டின் ஆங்கில எழுத்து விளங்காது. குளிசையின் நிறமும் ஒன்றும் சொல்லாது. கொடுப்பவர் கற்றவர் என்னும் நம்பிக்கை ஒன்றே அவளுக்குத் துணை. அந்நம்பிக்கைக்கு நாடு அளித்த பிணையே உரிமம். பரியாரிக்கு ஊரார் வாயால் அளித்த பிணையை இன்று அரசு எழுத்தால் அளிக்கின்றது. அப்பிணை மெய்யாக விளங்க, கற்பிட்டியின் கடைசித் தெருவிலுள்ள மருந்துக் கடையிலும் பதிவு பெற்றவர் ஒருவர் தம் இருக்கையில் அமர்ந்திருத்தல் வேண்டும்.