ஜாதிக்காய்த் தைலமும் ஒரு தவறான மொழிபெயர்ப்பும்

கடந்த மாதம் படிவம் 5 மாணவர்களின் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெயில் காலத்தில் வரும் சிறு உபாதைகளும் வீட்டு வைத்தியமும் என்பது தலைப்பு. பாதித் தாள்களுக்கு மேல் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'அத்தியாவசிய எண்ணெய்'. தலைவலிக்கு அத்தியாவசிய எண்ணெய், கொசுக்கடிக்கு அத்தியாவசிய எண்ணெய், கால் சுளுக்குக்கும் அதுவே.

நம் ஊரில் அத்தியாவசிய எண்ணெய் என்று சொன்னால் மளிகைக் கடைக்காரர் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார். அதைத் தடவினால் கொசு வேண்டுமானால் வழுக்கி விழும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் தட்டினால் அந்தச் சொல்தான் வருகிறது.

'எசென்ஷியல் ஆயில்' என்பதிலுள்ள முதல் சொல்லுக்கு இங்கே 'தேவையான' என்பது பொருளல்ல. 'எசென்ஸ்', அதாவது சாரம் என்பதிலிருந்து வந்தது அது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு சாரம் ஒளிந்திருக்கிறது, சூடேற்றினால் அதைப் பிரித்தெடுக்கலாம் என்று ஐரோப்பிய இரசவாதிகள் நம்பினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் இந்தக் கருத்தைப் பெரிதாகப் பேசியவர். ஆகவே தமிழில் சார எண்ணெய், வாசனை எண்ணெய், நறுமண எண்ணெய் என்று எழுதலாம். இனி நான் மதிப்பெண் குறைக்கப் போகிறேன், சொல்லிவிட்டேன்.

'தைலம் என்று எழுதலாமா டீச்சர்?' என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பேச்சு வழக்கில் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். திலம் என்றால் வடமொழியில் எள். அதிலிருந்து வந்தது தைலம். தமிழிலும் அதே கதைதான்: எள் + நெய் = எண்ணெய். புணர்ச்சி விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சித்த மருத்துவத்தில் தைலம் என்பது மூலிகைகளை நல்லெண்ணெயிலோ வேறு எண்ணெயிலோ போட்டுப் பதம் வரக் காய்ச்சுவது. வாசனை எண்ணெயின் கதை வேறு. பட்டை, இலை, கொட்டை ஆகியவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்து, நீரின் மேல் மிதப்பதை இறுத்தெடுப்பது. வாலையில் வடித்தெடுக்கும் முறை சித்தர்களுக்கும் தெரியும். தீநீர், திராவகம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சின்னப் புட்டி அந்த வழியில் வந்ததல்ல.

இங்கேதான் எனக்கு மாணவர்களோடு உண்மையான வழக்கு. தாளுக்குத் தாள் 'நம் முன்னோர் ஐயாயிரம் ஆண்டுகளாக இவ்வெண்ணெய்களைப் பயன்படுத்தி வந்தனர்' என்று எழுதியிருந்தார்கள். எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதிய வரி அது.

பழையது உண்டு, மறுக்கவில்லை. பழைய உரைகளில் வரும் பஞ்சவாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம், இலவங்கம், கற்பூரம், சாதிக்காய், தக்கோலம் என்ற ஐந்தும் வெற்றிலையோடு வாய் மணக்கச் சேர்க்கப்பட்டவை. இவற்றில் சாதிக்காயும் இலவங்கமும் அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள மொலுக்கா தீவுகளில் மட்டுமே விளைந்தவை. இலக்கியத்தில் சாதிக்காய் வருகிறதென்றால் அதன் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது என்று பொருள். கற்பூரத்தில் உயர்ந்த வகை சுமத்திராவின் பாருஸ் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழு வைத்த கல் அது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1025 வாக்கில், முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்துக்கு வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போனால் வரும் அதே கெடாதான். மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு தலைத்தக்கோலம் என்ற ஊரும் வருகிறது. வாசனைப் பொருளின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக இருப்பதை எஸ்.டி.பி.எம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆக, தமிழர்களுக்குக் கற்பூரமும் சாதிக்காயும் ஆயிரம் ஆண்டு உறவு. ஆனால் பினாங்கில் சௌராஸ்தா சந்தைப் பக்கம் விற்கும் ஜாதிக்காய்த் தைலத்துக்கு, மலாய்க்காரர்கள் 'மினியாக் பாலா' என்று சொல்வதற்கு, வயது அவ்வளவு இல்லை. அந்த மரமே இந்தத் தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

சாதிக்காயின் தாயகம் பண்டா தீவுகள். 1621-இல் டச்சுக்காரர்கள் அந்தத் தீவு மக்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றும் விரட்டியும் அதைத் தங்கள் தனி உடைமை ஆக்கிக்கொண்டார்கள். வெளியே போகும் கொட்டை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். 1770-இல் பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ர் எப்படியோ கன்றுகளை மொரீசியசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரிட்டிஷாருக்கு வாய்ப்பு வந்தது 1796-இல். ஐரோப்பாவில் நடந்த போரைக் காரணம் காட்டி மொலுக்கா தீவுகளைக் கைப்பற்றினார்கள். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற கம்பெனித் தாவரவியலாளர் மொலுக்காவுக்கு அனுப்பப்பட்டு, சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பல்லாயிரக் கணக்கில் சேகரித்து அனுப்பினார். 1802-இல் ஆமியேன் உடன்படிக்கைப்படி தீவுகளைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஆனால் கன்றுகள் கப்பல் ஏறிவிட்டன. அவற்றில் பெரும்பங்கு வந்திறங்கிய இடம் நம் தீவு.

சாதிக்காய் பொறுமையைச் சோதிக்கும் மரம். காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அதிலும் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது, பூத்தபின் ஆண் மரங்களில் பெரும்பாலானவற்றை வெட்டிப் போட வேண்டும். கம்பெனிக்குப் பொறுமை இல்லை. சில ஆண்டுகளிலேயே தன் தோட்டத்தை விற்றுவிட்டது. பிறகு தனியார் முதலாளிகள் கையில் அது வளர்ந்தது. குளுகோரில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டம் பெயர்பெற்றது. 1836-இல் ஜேம்ஸ் லோ பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி எழுதிய நூலில் இந்தத் தோட்டங்களுக்குப் பெரிய இடம் உண்டு.

காட்டை அழித்ததும் சாலை போட்டதும் யார்? அந்தமான் தண்டனைக் குடியிருப்பு மூடப்பட்டு 1796-இல் இந்தியக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1794-இல், லைட் தம் அறிக்கையில் இங்கே சுமார் ஆயிரம் சூலியாக்கள் கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் இருப்பதாகக் குறிப்பிடுகிறார். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேரைக் கொண்டுவருகின்றன, அவர்கள் உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அடுத்த கூட்டம் வருகிறது என்றும் எழுதுகிறார். சூலியா சாலை பெயர் அப்படி வந்தது. தோட்டத் தமிழர் வரலாறு என்றவுடன் நாம் ரப்பரிலிருந்து தொடங்குகிறோம். ரப்பருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே வாசனை மரங்களுக்கு நிலம் திருத்திய இந்தத் தீவில் நம் ஆள்கள் கூலிக்கு நின்றார்கள். பாடநூலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

1860 வாக்கில் நோய் வந்து தோட்டங்கள் பட்டுப்போயின. முதலாளிகள் கைகழுவினார்கள். மிஞ்சிய மரங்களும் புதிதாக நட்டவையும் பாலிக் பூலாவ் பக்கத்துச் சிறு தோட்டங்களில் இன்றும் காய்க்கின்றன. சதையை உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைக்கிறார்கள், சாறு எடுக்கிறார்கள், கொட்டையிலிருந்து எண்ணெய் வடிக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு: வடிப்பதற்குப் பெரும்பாலும் நல்ல கொட்டையை எடுப்பதில்லை. முற்றாததும் பூச்சி அரித்ததும்தான் அதற்குப் போகும். புழு மாவையும் கொழுப்பையும் தின்றுவிட்டு வாசனை எண்ணெயை விட்டுவைக்கிறது. விலைபோகாத சரக்கு புட்டிக்குள் போய் மருந்தாகிறது.

மற்றப் புட்டிகளின் பிறந்த தேதியையும் பார்ப்போம். நீலகிரித் தைலம் என்கிறோம். யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம், நீலகிரிக்கு வந்தது 1843-இல். அமிர்தாஞ்சனம் 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கியது. கோடாலித் தைலம் 1928-இல் சிங்கப்பூரில் லியூங் யூன் சீ தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 'ரஜூலா' கப்பலும், 1973-க்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பலும் போன காலத்தில், ஊருக்குப் போகிறவர் பெட்டியில் அரை டஜன் கோடாலி இல்லாமல் இருக்காது. அங்குள்ள பாட்டிகள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு தலைமுறையில் அது 'பாட்டி வைத்தியம்' ஆகிவிட்டது.

இதில் என்ன கெட்டுப்போயிற்று, பழையது என்று நினைத்துக்கொண்டு போகட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். பழையது என்றால் பாதுகாப்பானது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். பிள்ளைகள் மட்டுமல்ல, நானும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுக்கோட்டப் போட்டி நாள். ஒரு பையன் விழுந்து முழங்கால் தோல் உரிந்துபோனது. என் கைப்பையில் ஜாதிக்காய்த் தைலம் இருந்தது. 'ஒண்ணும் ஆகாதுடா, இது நம்ம நாட்டு மருந்து' என்று சொல்லிப் புண்ணின் மேலேயே தடவிவிட்டேன். அவன் போட்ட சத்தம் திடல் முழுக்கக் கேட்டது. 'டீச்சர், எரியுது டீச்சர்!' திறந்த புண்ணில் வாசனை எண்ணெய் படவே கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி மூடினால் போதும். தீப்புண்ணுக்கும் அதே விதிதான்: 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், தைலம் வேண்டாம்.

அதே நாள் ஒரு மாணவி தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் கோடாலி தடவினோம். 'குளுகுளுன்னு இருக்கு டீச்சர்' என்றாள். உடம்போ அனலாகக் கொதித்தது. உடற்கல்வி ஆசிரியர் ஓடிவந்து நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பை நனைத்து, விசிறித் தண்ணீர் கொடுத்தார். மென்தால் சூட்டைக் குறைப்பதில்லை. தோலில் குளிரை உணரும் நரம்புணரியைத் தட்டி, குளிர்ந்த மாதிரி மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். மென்தாலை வைத்து அந்த உணரியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவரும் 2021-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். வெயில் மயக்கத்தில் அந்தப் பொய்க் குளிர்ச்சி நேரத்தை வீணாக்கிவிடும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலம் தடவுவதும் கூடாது. மூட்டுவலித் தைலங்களில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி, சுத்தமாக இருந்தால், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். பெரியவர்களின் தலைவலி, சுளுக்கு, கொசு கடித்த தடிப்பு, இவற்றுக்குத் தேங்காயெண்ணெயில் சில துளி கலந்து தடவிக்கொள்வதில் தவறில்லை, கண்ணில் படாமல் இருந்தால் சரி. செராய் எண்ணெய் கொசுவை விரட்டும், ஆனால் ஓரிரு மணி நேரத்தில் பறந்துவிடும். டெங்கி உள்ள வட்டாரத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. வாங்கும்போது பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண் 'டி' என்ற எழுத்தில் முடியும்.

திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். ஆசிரியர்கள் தாராளமாகச் செய்து பார்க்கலாம், செலவு கிடையாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டுச் சுத்தமான கிராம்பு எண்ணெய், அதற்குப் பக்கத்தில் ஒரு மாணவி சுற்றுலாக் கடையில் வாங்கிவந்த ஜாதிக்காய்த் தைலம். சமையல் எண்ணெய்க் கறை போகாது, வாசனை எண்ணெய் மெல்ல ஆவியாகித் தாள் காய்ந்துவிடும். மறுநாள் காலையில் கிராம்பு காய்ந்திருந்தது. ஜாதிக்காயின் இடத்தில் சமையல் எண்ணெயைப் போலவே ஒரு வட்டக் கறை. புட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில், மிகச் சிறிய எழுத்தில், மலாயில் எழுதியிருந்தது: கனிம எண்ணெய் 80 விழுக்காடு. 'அப்ப இது அத்தியாவசிய எண்ணெய்தான் டீச்சர்' என்றான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன்.