ஒருமடிய நெல்

கருவுறாத முட்டைச் செல்லிலிருந்து தானாகவே முளைத்து, தன் இனத்துக்குரிய குரோமோசோம்களில் பாதியை மட்டும் கொண்டு வளரும் செடி இயற்கை ஒருமடியத் தாவரம் எனப்படும். நெல்லின் உடல் செல்களில் 24 குரோமோசோம்கள் உண்டு. ஒருமடிய நெல்லில் 12 மட்டுமே. செடி குட்டையாகவும் இலை ஒடுங்கியும் பூ சிறுத்தும் இருக்கும். கதிர் வெளிவரும், மணி பிடிக்காது. குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்களுக்குச் சேர இணை இல்லாததால் எல்லாம் பதராகிவிடும். தூரைப் பிரித்து நட்டுத்தான் செடியைக் காப்பாற்ற வேண்டும்.

பூக்கும் தாவரங்களில் இப்படி ஒன்றை முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்கள் அமெரிக்காவின் பிளேக்ஸ்லி குழுவினர். ஆண்டு 1922, செடி ஊமத்தை. தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் முன்வரிசையில் இடமுண்டு. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கே. இராமையா, என். பார்த்தசாரதி, எஸ். இராமானுஜம் மூவரும் ஒருமடிய நெற்செடி ஒன்றைப் பற்றி 1933இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். ஜப்பானில் மொரினாகாவும் புகுஷிமாவும் இதே பொருளை ஆராய்ந்த காலம் அது. கோவை நெல் ரகங்களின் புகழுக்கு நடுவே இந்தக் கண்டுபிடிப்பு உரிய அளவு பேசப்படவில்லை.

மலட்டுச் செடியால் உழவருக்கு என்ன பயன்? அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு மரபணுவும் தன் நகலோடு இணை சேரும். செடி விளையும், அதன் வழித்தோன்றல்கள் மாறாமல் வரும். ஒட்டுக்கட்டிய நெல் நிலைபெற வழக்கமாக ஆறேழு தலைமுறை தேவை. இந்த வழியில் ஒரே தலைமுறை போதும். தெரிவும் எளிதாகிறது. தனித்தனியே பிரியும் ஐந்து மரபணுக்களிலும் விரும்பிய வடிவமே நிலையாக அமைந்த செடி, இரண்டாம் தலைமுறையில் 1024க்கு ஒன்றுதான் கிடைக்கும். இரட்டித்த ஒருமடியங்களில் 32க்கு ஒன்று கிடைத்துவிடும்.

இரட்டிப்புக்கு உதவும் கொல்சிசின் என்னும் வேதிப்பொருள், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் பயிராகும் செங்காந்தளின் விதையில் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று உழவர்கள் சொல்லும் அதே கொடிதான்; தமிழ்நாட்டின் மாநில மலர்.

இயற்கை அரிதாகத் தரும் ஒருமடியச் செடியை நம்பி ஒரு திட்டம் நடத்த முடியாது. 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை ஊடகத்தில் வளர்த்து ஒருமடியக் கருக்களைப் பெற்றனர். உலகமே பின்பற்றிய முறை இது. 1968இல் ஜப்பானியர் நெல்லில் அதைச் செய்தனர். இராமையா முதல் இயக்குநராக இருந்து 1946இல் தொடங்கிய கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம், பின்னாளில் சத்யகிருஷ்ணா, பால்குனி ரகங்களை இந்த முறையில் உருவாக்கியது.

நம் வயல்களில் விளையும் இண்டிகா நெல் இதற்கு எளிதில் இசைவதில்லை. நாற்றுகள் குறைவு, கிடைப்பவற்றிலும் பச்சையம் இல்லாத வெள்ளைக் கன்றுகள் பல. அதனால் ஆய்வு மீண்டும் விதைக்கே திரும்பியிருக்கிறது. 2010இல் மருதாசலம் ரவியும் சைமன் சானும் குரோமோசோமின் சென்ட்ரோமியர் பகுதியில் உள்ள புரதம் ஒன்றை மாற்றி, கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில் விதைவழி ஒருமடியங்களைப் பெற்றனர். மக்காச்சோளத்தில் ஒருமடியத்தைத் தூண்டும் மரபணுவின் நெல் வடிவத்தைச் செயலிழக்கச் செய்தபோது, நூற்றுக்கு ஆறு வரை ஒருமடிய விதைகள் கிடைத்ததாக 2018இல் செய்தி வந்தது.

திருச்சி மாவட்டத்துக்கு இது அயலான செய்தி அல்ல. நாவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, களர் உவர் நிலத்துக்கென்றே திருச்சி 1 முதலான ரகங்களைத் தந்தது. உவர் தாங்கும் தன்மை பல மரபணுக்கள் சேர்ந்து தருவது. ஒரே தலைமுறையில் நிலைபெறும் செடிகள் அங்கேதான் மிகவும் தேவை. விதைவழி ஒருமடிய முறையை இத்தகைய நிலையங்கள் தம் அன்றாட வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.