தும்பாவில் எழுந்த ஆரஞ்சு மேகம்

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய விம்கோ நகரில், எந்தக் கோடை இரவில் அண்ணாந்து பார்த்தாலும் ஒளிரும் மேகம் தெரியாது. குறை நம் கண்ணில் இல்லை; நாம் இருக்கும் இடம் அப்படி! சுமார் 80 கி.மீ. உயரத்தில் பனித்துகள்களால் உண்டாகும் அந்த மேகங்கள், பெரும்பாலும் 50 டிகிரி அட்சரேகையைத் தாண்டிய ஊர்களில்தான் தெரியும். விம்கோ நகரோ 13 டிகிரியில் இருக்கிறது. 1885ல் ஐரோப்பியர்கள் இவற்றை முதலில் கவனித்தார்கள். 1887ல் ஜெர்மனியின் ஓட்டோ யெஸ்ஸே படமும் எடுத்தார். (அதற்கு முன், 1883 செப்டம்பரில், கிரகடோவா எரிமலைப் புழுதியால் சென்னைவாசிகள் பச்சைச் சூரியனையே பார்த்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.)

இயற்கை தராத ஒளிரும் மேகத்தை நம் பக்கத்தில் மனிதர்களே ஒருமுறை உண்டாக்கினார்கள். நாள்: 1963 நவம்பர் 21. இடம்: திருவனந்தபுரம் அருகே தும்பா.

அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட், அதன் தலையில் பிரான்ஸ் தந்த சோடியம் ஆவிக் கருவி. உயரே போய் சோடியத்தைக் கக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் நேரம் தவறக்கூடாது. தரையில் இருட்டியிருக்க வேண்டும், உயரத்தில் மட்டும் வெயில் அடிக்க வேண்டும். அந்த வெயிலில்தான் சோடியம் ஆரஞ்சு மஞ்சளாக ஒளிரும். தெருவோர சோடியம் விளக்குகளில் பார்த்த அதே நிறம்தான்.

அன்று பார்த்து, ராக்கெட்டைத் தூக்கும் கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு! பழுது பார்த்துக்கொண்டிருந்தால் அந்தி போய்விடும். கடைசியில் ஆட்களே கைகொடுத்துத் தூக்கி ஏவுமேடையில் வைத்தார்கள். ராக்கெட்டைப் பொருத்தும் பொறுப்பில் இருந்த அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். மாலை 6.25க்கு ராக்கெட் கிளம்பியது. சிறிது நேரத்தில் வானில் ஆரஞ்சு மேகம் படர்ந்தது.

வேடிக்கைக்காகச் செய்த வேலையல்ல இது. கன்னியாகுமரி, பாளையங்கோட்டை, கொடைக்கானல், கோட்டயம் ஆகிய நான்கு ஊர்களில் காமிராக்கள் காத்திருந்தன. ஒரே மேகத்தைப் பல ஊர்களிலிருந்து நட்சத்திரங்களோடு சேர்த்துப் படம் எடுத்தால், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிடலாம். பலூன் எட்டாத அந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதை அறிய அன்று இது ஒரு நல்ல வழி. விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது அந்தப் படங்கள்தான். ஆனால் தென்கோடி மக்களுக்கோ, தேதி தெரியாமல் வந்த வாணவேடிக்கை!