காவலூர்க் குளிரும் கேமிங் லேப்டாப்பின் சூடும்

ஜவ்வாது மலை என்றால் சாமை, தேன், பீமன் மடுவு அருவி என்று சொல்வார்கள். எனக்குக் காவலூர் வான்ஆய்வகம்தான் முதலில் நினைவுக்கு வரும். பேரப்பிள்ளைகளின் கேமிங் லேப்டாப் கொதித்து, திரை கோடு கோடாகவும் கட்டம் கட்டமாகவும் சிதறும்போது, அந்த மலையில் நடந்ததைச் சொல்லித்தான் விளக்குவேன்.

வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. வந்தது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரையே வைத்தார்கள். அவரோ 1982லேயே மறைந்துவிட்டார்.

புகைப்படத் தகடுகள் போய் சி.சி.டி. என்னும் சிலிக்கான் சிப் வந்தபோது ஒரு தொல்லையும் கூட வந்தது. சிலிக்கானில் வெறும் வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். நட்சத்திர ஒளி கிளப்பியது எது, சூடு கிளப்பியது எது என்று சிப்புக்குத் தெரியாது. இருட்டைப் படம் எடுத்தாலும் வெள்ளைப் புள்ளிகள் விழும். அதனால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றிக் கேமராவைக் குளிர வைத்தார்கள். குளிர்ந்ததும் புள்ளிகள் அடங்கிவிடும்; சிப்புக்குச் சேதம் ஒன்றும் இல்லை.

லேப்டாப்பில் நடப்பது வேறு. அங்கே சூடு காயமும் உண்டாக்கும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் பழைய தலைமுறை கிராபிக்ஸ் சிப்புகள் லேப்டாப்களில் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாக ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத ஈயப்பற்றுப் புள்ளிகள். விளையாடும்போது சூடேறி விரியும், அணைத்தால் சுருங்கும். தினம் இப்படியே நடந்தால் அவை விரிசல் விடும். நிறுவனம் காட்டிய காரணங்கள் மூன்று: பலவீனமான மூலப்பொருள், லேப்டாப்பின் குளிரூட்டும் அமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம். ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். அந்த மூன்றாவது வரி எதற்கு என்று எனக்குத் தெரியும்! டெல் நிறுவனம் விசிறி அதிக நேரம் சுழலும்படி பயாஸை மாற்றிக் கொடுத்தது. ஆப்பிள் உத்தரவாதக் காலம் முடிந்த கணினிகளையும் இலவசமாகச் சரிசெய்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இது காவலூர் வகையா, 2008 வகையா என்பதுதான். காலையில் ஆறிக் கிடக்கும் லேப்டாப்பைப் போடுங்கள். திரை சுத்தமாக இருந்து, அரைமணி நேரம் விளையாடி விசிறி இரைந்த பிறகுதான் கோடுகள் வருகின்றன என்றால், பெரும்பாலும் தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும்தான் காரணம். மெத்தைமேல் வைத்து ஆடுவதை நிறுத்தி, சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றினால் போதும். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வந்தால் டிரைவரைப் பாருங்கள். ஆறிய நிலையிலேயே, கம்பெனி முத்திரை தெரியும்போதே கோடு விழுந்தால் எச்.டி.எம்.ஐ. கம்பியில் டிவியை இணையுங்கள். டிவியில் படம் சுத்தமாக இருந்தால் திரையோ அதன் கேபிளோ பழுது. டிவியிலும் கோடு என்றால் கிராபிக்ஸ் சிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது சில கடைகளில் சிப்பின்மேல் சூடான காற்றை அடித்துத் தருவார்கள். திரையும் பளிச்சென்று வரும், சில வாரம் ஓடும், பிறகு அதே கோடுகள். பணம் கொடுக்குமுன், சிப்பை மாற்றுகிறீர்களா, சூடு மட்டும் காட்டுகிறீர்களா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.