ஸ்வாப்: 2 எம்பி ரேம் வச்சிருந்தவருக்காக எழுதினது

உத்திரமேரூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஸ்வாப் கதை.

ரேம் நிறைஞ்சதும், அப்போதைக்கு வேண்டாத தகவலை டிஸ்குல ஒதுக்கி வைக்கிற இடம்தான் ஸ்வாப். ஆரம்பகால யூனிக்ஸ் ஒரு புரோகிராமை முழுசா வெளியே தள்ளி, இன்னொன்றை உள்ளே எடுக்கும். பேர் வந்தது அப்படித்தான். 1979இல் பெர்க்லியின் 3பிஎஸ்டி, துண்டு துண்டா அனுப்பத் தொடங்கியது. அந்தத் துண்டுக்குப் பேர் பேஜ்.

லினக்ஸ்ல இது வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1991 டிசம்பர். ஜெர்மனியில ஒருத்தர்கிட்ட இருந்தது வெறும் 2 எம்பி ரேம். கெர்னலை கம்பைல் பண்ண முடியலை. லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அந்த வசதி தேவையே இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் சமயத்துல உட்கார்ந்து எழுதிட்டார்.

அப்புறமும் ரொம்ப வருஷம், சாதாரண பிசியில ஒரு ஸ்வாப் பகுதி 128 எம்பியைத் தாண்டாது. எந்தெந்தப் பேஜ் உபயோகப்படும்ங்கிற குறிப்பு மொத்தமும் 4 கேபி பேஜ் ஒன்றுக்குள்ளேயே அடங்கணும், அதான் காரணம். 1999இல் வந்த 2.2 கெர்னல் அந்தத் தடையை நீக்கியது.

எங்க ஊருக்கு இதுல என்ன? 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டம்தான் இங்க பல வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. எங்க வீட்டு லேப்டாப்ல ரேம் 2 ஜிபி. விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. தம்பியோட காலேஜ் ப்ராஜெக்ட் அதுலதான் முடியணும், புது ரேமுக்குக் காசில்லை. 'டிடி' கட்டளையில 4 ஜிபிக்கு ஒரு ஃபைல், அதுக்கு 600 பர்மிஷன், அப்புறம் 'எம்கேஸ்வாப்', 'ஸ்வாப்ஆன்'. ரீஸ்டார்ட் ஆனாலும் இருக்கணுமே, அதுக்கு எஃப்எஸ்டேப்ல ஒரு வரி.

டிஸ்க் ரேம் ஆகிடாது, மெதுவாத்தான் ஓடுச்சு. ப்ராஜெக்ட் முடிஞ்சுது.