வாய்க்காலின் கால்

வாய்க்காலில் உள்ள கால் மனிதக் கால்தான் என்றொரு விளக்கம் மேடைதோறும் உலவுகிறது. ஆறு உடம்பாம், அதிலிருந்து பிரிந்து நடப்பது காலாம். நயமாகத்தான் இருக்கிறது. நயத்தைப் பட்டிமன்றத்துக்கு விட்டுவிடலாம். ‘கால்வாய்’தான் கப்பலேறிக் ‘கேனல்’ ஆயிற்று என்பாருக்கு, நாணலைக் குறிக்கும் ‘கன்னா’ என்ற இலத்தீன் சொல்லைக் காட்டினால் போதும்.

கால்தல் என்றால் உமிழ்தல், வெளிப்படுத்தல். கான்று, கான்ற என்று பழம்பாடல்களில் பயிலும் வினை. கன்னடத்தில் ‘காரு’ என்றால் கக்கு. தெலுங்கில் ‘காரு’ என்றால் ஒழுகு, கசி. பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் ஆனதை அறிந்தவர்க்கு லகர ரகர மாற்றம் புதிதல்ல. ஈழத்தில் கழிவுநீர் ஓடுவதைக் ‘கான்’ என்பதும் இவ்வழியே என்பேன்.

பாலாற்றங்கரையின் ஊற்றுக்காலைப் பார்த்தவர்க்கு இவ்வளவு வாதம் தேவையில்லை. மேலே வறண்ட மணல். நீர் அடியில் நகர்ந்துகொண்டிருக்கும். படுகையின் வாட்டத்தைவிடக் குறைந்த வாட்டத்தில் மணலில் நீளப் பள்ளம் பறிப்பார்கள். இருபக்கச் சுவரும் வியர்த்து, பொடிமணல் சரிந்து விழ, அடியில் நீர் நூலாகத் திரளும். பள்ளத்தின் தரை போகப்போகப் படுகைக்கு ஏறிவந்து கரையைக் கடக்கும். ஏற்றமில்லாமல் வயலுக்குப் பாயும். ஆற்றில் வெள்ளம் வந்தால் பள்ளம் தூர்ந்துவிடும். ஊரார் மறுபடி மண்வெட்டி எடுக்க வேண்டும். மணல் கான்ற நீர், ஆகவே கால்.

கூரம் செப்பேடு பாலாற்றிலிருந்து தோண்டிய பெரும்பிடுகு காலைச் சொல்கிறது. நந்திவர்மப் பல்லவமல்லனின் காசக்குடிச் செப்பேடு சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து ஆற்றுக்காலும் வெள்ளக்காலும் தோண்டிக்கொள்ள உரிமை தருகிறது. உடம்புக் கட்சியார் இங்கே என்ன செய்வார்கள்? வெள்ளத்துக்கும் ஊற்றுக்கும் கால் முளைத்தது என்பார்களா?

‘வாய் இருக்கிறதே, அப்போது காலும் உறுப்புத்தானே’ என்பது அவர்களின் கடைசி அம்பு. தலைவாய், மதகுவாய் எதிலும் வாய் என்பது திறப்பு. நீர் புகும் திறப்பு வாய், அங்கிருந்து அது வெளிப்பட்டு ஓடுவது கால்.

மணலைப் பறித்து ஊற்று கண்டவன் இட்ட பெயரே பிறகு ஆற்றுக்காலுக்கும் வெள்ளக்காலுக்கும் ஏறியது. இதற்குச் செப்பேட்டுச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும். காலுக்கு நான் வேறு பொருள் கொள்வதாக இல்லை.